தொடாதே என்பதும் தொட்டுப்பார் என்பதும்

(தளவாய்புரத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் "அறிவியல் காட்சிச்சாலைகளும் பொதுமக்களும்" என்பது பற்றிச் செய்த சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தின் துண்டு விளம்பரத்தைப் பார்த்துவிட்டுச் சிலர், "இது என்ன புதுமை! சுயமரியாதைக்காரர் கூட்டமென்றால் சாமி, சாதி, சடங்கு இவைகளைப் பற்றித்தானே பேசுவார்கள்? காட்சிச்சாலைக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டதாகத் தலைவரவர்கள் முன்னுரையில் சொன்னார்கள். கேட்டது நியாயமான கேள்விதான். கேள்வி கேட்பவர்களைக் கண்டு கோபித்துக்கொள்ளுவது நமது வேலையல்ல. அது புரோகிதர்களுடைய வேலை. ஆதலால் அந்தக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிட்டு மேலே செல்லுகிறேன்.

நான் காலேஜில் படித்துப் பட்டம் வாங்கியவனல்லன். படித்தவர்கள் எழுதினதைப் படித்தும், போய்ப் பார்த்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன். இதில் பிசகிருந்தால் யாரும் எழுந்து சொல்லலாம்.

தோழர்களே! நம் மக்கள் பிறந்தது முதல் காதில் விழுகிற கட்டளைகள் மூன்று. "எட்டி நில், தொடாதே, கேளாதே" என்பவைகளே அவை. சாமியிடம் எட்டி நிற்க வேண்டும். அதைத் தொட வேண்டுமானால் அதற்கென்று பிறந்தவன்தான் தொடவேண்டும். அவன் சொல்லும் மந்திரத்துக்கு என்ன பொருள் என்று கேட்டால் நாக்கு அழுகிப்போகும். இந்த மூன்று கட்டளைகளையும் கோயிலுக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தார்களா? இல்லை. தெருவுக்குக் கொண்டுவந்தார்கள், கிணற்றடிக்குக் கொண்டுவந்தார்கள், அடுப்பங்கரைக்கும் கொண்டுவந்தார்கள். வீட்டுக்குள்ளேயே தாயையும் மகளையும் மாதத்தில் மூன்று நாள் "எட்டி நில், தொடாதே" என்று ஒதுக்கி வைத்தார்கள்.

இது ஏதோ பழங்காலத்துக் கதையல்ல. நம் பக்கத்துச் சங்கதியே இருக்கிறது. கமுதியில் 1897-ம் வருஷம் நாடார்கள் கோயிலுக்குள் போனார்கள் என்பதற்காக வழக்குப் போடப்பட்டு, அது சீமையிலுள்ள பிரிவி கவுன்சில் வரையில் போய், 1908-ல் அவர்களுக்கு விரோதமாகவே தீர்ப்பாயிற்று. அதே மக்கள் கொடுத்த வரியை மட்டும் யாரும் எட்ட நின்று வாங்கவில்லை. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் போக முடிந்தது 1939-ல்தான். சென்னை மாகாணத்தில் எல்லோரும் கோயிலுக்குள் போகலாம் என்று சட்டம் வந்தது 1947-ல்.

நிற்க, இதற்கு நேர்மாறாக "கிட்ட வா, தொட்டுப்பார், கேள்" என்று மூன்று கட்டளைகள் போடுகிற ஒரு இடம் உலகத்தில் இருக்குமானால், அந்த இடத்தைப் பற்றிச் சுயமரியாதைக்காரன் பேசாமல் வேறு யார் பேசுவது? அறிவியல் காட்சிச்சாலை என்பது அப்படிப்பட்ட இடம். ஆனால் அது தொடக்கத்திலேயே அப்படி இருந்துவிடவில்லை. இன்றுங்கூட எல்லா இடத்திலும் அப்படி இல்லை. அதனால்தான் இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

நம் நாட்டுக் காட்சிச்சாலையின் கதையைச் சற்றுப் பாருங்கள். சென்னையில் 1851-ல் அரசாங்கத்தார் ஒரு காட்சிச்சாலை ஏற்படுத்தினார்கள். பால்ஃபர் என்ற வைத்தியர் அதற்குத் தலைவர். முதலில் அது காலேஜ் ரோட்டிலே, அதிகாரிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த கல்லூரிக் கட்டடத்திலே இருந்தது. பிறகு எழும்பூருக்கு மாற்றப்பட்டது. கல்லும், கனிப்பொருளும், பாடம்பண்ணிய மிருகங்களும் வரிசையாக வைக்கப்பட்டன. உயிருள்ள புலி, சிறுத்தைகளைக் கொண்டுவந்து வைத்தவுடனே ஜனங்கள் கூட்டங் கூட்டமாக வருவதை பால்ஃபர் கவனித்தார். 1855-ல் கர்நாடக நவாபின் மிருகங்களையும் வாங்கி ஒரு மிருகக்காட்சிசாலையே நடத்தினார். அது பிறகு 1863-ல் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், கடைசியாக 1985-ல் வண்டலூரில் நிலைபெற்றது.

சென்னை ஜனங்கள் இந்த இரண்டுக்கும் வைத்த பெயர் என்ன தெரியுமா? செத்த மிருகங்கள் இருக்கிற இடத்துக்குச் "செத்த காலேஜ்" என்றும், உயிருள்ள மிருகங்கள் இருக்கிற இடத்துக்கு "உயிர் காலேஜ்" என்றும் பெயர் வைத்தார்கள். இதைக் கேட்டுப் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கமாட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் அதைக் கோயில் என்று சொல்லவில்லை, அரண்மனை என்று சொல்லவில்லை. காலேஜ் என்று சொன்னார்கள். காலேஜ் கட்டடத்தில் தொடங்கியதால் வந்த பெயர்தான் என்றாலும், பள்ளிக்கூடத்து வாசற்படியே மிதிக்க முடியாமல் வைக்கப்பட்டிருந்தவர்கள் தாங்கள் காலேஜுக்குப் போய்வந்ததாகச் சொல்லிக்கொள்ளுவதற்கு வாழ்நாளில் கிடைத்த இடம் அது ஒன்றே.

ஆனால் அங்கே போய் என்ன கற்றுக்கொண்டார்கள் என்று கேட்டால், அதற்குப் பதில் அவ்வளவு திருப்தியாக இல்லை. காணும் பொங்கலன்று ஆயிரக்கணக்கானவர்கள் குடும்பத்தோடு போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள்ளே இருந்ததைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார்கள். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டு இங்கிலீஷில் இருந்தால் அதைப் படிக்க ஆளில்லை. திமிங்கில எலும்பைப் பார்த்துவிட்டு "அப்பாடா, எத்தனை பெரிசு!" என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினார்கள். கோயிலில் கர்ப்பக்கிருகத்துக்கு வெளியே நின்று தரிசனம் செய்து திரும்புவதற்கும் இதற்கும் வித்தியாசம் எவ்வளவு? சாமி தரிசனம் போய், எலும்பு தரிசனம் வந்தது. எட்டி நிற்கும் பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

அன்றியும், காட்சிச்சாலையில் இருப்பதனாலேயே ஒரு விஷயம் உண்மையாகிவிடாது என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது. அதே எழும்பூர்க் காட்சிச்சாலைக்கு 1885 முதல் 1908 வரையில் தலைவராக இருந்தவர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர். அவர் பல சாதியாருடைய தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து எழுதினார். அந்தக் காலத்தில் வடநாட்டில் ரிஸ்லி என்ற அதிகாரி, மூக்கு எவ்வளவுக்கெவ்வளவு அகலமோ அவ்வளவுக்கவ்வளவு சாதியில் தாழ்வு என்று ஒரு கொள்கை கட்டிவிட்டார். நெற்றியில் எழுத்து என்றது பழைய புரட்டு. மூக்கில் எழுத்து என்றது புதுப் புரட்டு. அது பூணூல் போட்டுக்கொண்டு வரவில்லை, அளவுகோலைப் பிடித்துக்கொண்டு வந்தது, வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் வேதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள பெரிய பேதத்தையும் இதே இடத்தில் காணலாம். வேதம் தப்பென்றால் அதைத் திருத்த வேதத்திலேயே வழி கிடையாது. அளவுகோல் அப்படியல்ல, யார் கையில் எடுத்தாலும் அது அளக்கும். டாக்டர் அம்பேத்கர் அவர்கள் 1948-ல் வெளியிட்ட தீண்டப்படாதவர்கள் பற்றிய புத்தகத்தில், இந்த மூக்களவுக் கணக்குகளையே எடுத்து வைத்துக்கொண்டு, பார்ப்பனரும் தீண்டப்படாதார் எனப்படுவோரும் வேறு வேறு இனத்தார் என்று சொல்லுவதற்கு ஆதாரமில்லை என்று காட்டிவிட்டார். எதிரி கொண்டுவந்த தராசிலேயே அவன் சரக்கை நிறுத்துக் காட்டி, எடை குறைவு என்று நிரூபித்தது போலாயிற்று. ஆகவே காட்சிச்சாலையில் நாம் கற்கவேண்டியது அங்கே வைத்திருக்கும் பண்டங்களை அல்ல. அளந்து பார்க்கும் புத்தியை.

இந்தப் புத்தியை எப்படி உண்டாக்குவது என்று மேல்நாட்டார் யோசித்தார்கள். ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் 1903-ல் ஆஸ்கர் ஃபான் மில்லர் என்ற மின்சார இஞ்சினியர் ஒரு காட்சிச்சாலைக்கு ஏற்பாடு செய்தார். 1925-ல் அதற்குச் சொந்தக் கட்டடம் திறக்கப்பட்டது. அங்கே யந்திரங்களைப் பெட்டியில் பூட்டிவைக்காமல், வருகிறவர்களே பொத்தானை அழுத்தவும், பிடியைத் திருப்பவும் ஏற்பாடு செய்தார்கள். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் என்ற விஞ்ஞானி 1969-ல் இன்னும் ஒருபடி மேலே போய், வருகிறவர்கள் தாங்களே சோதனை செய்து பார்க்கும்படியாக ஒரு சாலையையே தொடங்கினார். அணுகுண்டுக் காரியத்தில் பேர்பெற்ற ஓப்பன்ஹைமருக்கு இவர் தம்பி.

நம் தேசத்திலும் 1959-ல் கல்கத்தாவிலும், பிறகு பெங்களூரிலும் இப்படிப்பட்ட சாலைகள் ஏற்பட்டன. 1965-லேயே வங்காளத்தில் ஒரு பஸ்ஸுக்குள் யந்திர மாதிரிகளை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். 1978-ல் இவைகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு தேசிய மன்றம் அமைக்கப்பட்டது. சென்னைக் கோட்டூர்புரத்தில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மையம் 1983-ல் ஏற்பட்டது. அங்குள்ள அறிவியல் காட்சிக்கூடம் பெரியார் பெயரையே தாங்கி நிற்கிறது. 1988-ல் அங்கே கோளரங்கமும் வந்தது. நமக்குக் கிட்டத்திலே, திருநெல்வேலிக் கொக்கிரகுளத்தில், தாமிரபரணிக் கரையில் மாவட்ட அறிவியல் மையம் 1987 முதல் இருந்துவருகிறது. தளவாய்புரத்தில் காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடலாம். திருச்செந்தூருக்கு வேன் பிடித்துப் போகிறவர்கள் திருநெல்வேலியைத் தாண்டித்தான் போகிறார்கள். வழியிலே இப்படி ஒரு இடம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள் என்று கேட்டால் எத்தனை கைகள் எழும்பும் என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

அங்கெல்லாம் என்ன இருக்கும் என்று கேட்பீர்கள். இப்படிப்பட்ட மையங்களில் பொதுவாக வைக்கப்படுகிற சிலவற்றைச் சொல்லுகிறேன்.

கப்பி கட்டிய நாற்காலி ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கயிற்றை இழுத்தால் உங்களை நீங்களே மேலே தூக்கிக்கொள்ளலாம். பாரத்தை நான்கு புரிக் கயிறு தாங்கும்படி கப்பிகள் இருந்தால், கால்வாசிப் பலமே போதும். பத்து வயதுப் பெண்குழந்தை தன்னைத்தானே தூக்கிக்கொண்டு சிரிப்பாள். ஆனால் கவனித்தால், ஓரடி மேலே போக நான்கடிக் கயிறு இழுக்கவேண்டியிருக்கும். அதாவது பலத்தில் மிச்சப்பட்டதை நீளத்தில் கொடுத்தாகவேண்டும். உலகத்தில் சும்மா கிடைப்பது ஒன்றுமில்லை என்பதை அந்தக் குழந்தை கையினால் தெரிந்துகொள்ளுகிறாள். இதைத் தெரிந்துகொண்டவளிடம் பின்னொரு நாள் "தகடு கட்டினால் பணம் கொட்டும்" என்று ஒருவன் வந்தால், "எதைக் கொடுத்து எதை எடுக்கிறாய்?" என்று கேட்பாளா, மாட்டாளா?

குழிந்த பெரிய தட்டுகள் இரண்டு, வெகுதூரத்தில் எதிரும் புதிருமாக நிற்கும். ஒன்றின் முன்னே நின்று ஒருவர் முணுமுணுத்தால், மற்றதன் முன்னே நிற்கிறவர் காதில் பக்கத்திலிருந்து பேசுவது போலக் கேட்கும். இடையில் நிற்கிறவர்களுக்கு ஒன்றும் கேட்காது. ஒலி தட்டில் பட்டுத் திரும்பி ஒரே இடத்தில் குவிவதுதான் சங்கதி. இதை அறியாதவனிடம் அசரீரி என்று சொல்லி எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்!

ஆணிப் பலகை ஒன்று. இரும்பாணியின் மேல் உட்காரும் சாமியாரைப் பார்த்து, "என்ன தவபலம்!" என்று காசு போடுகிறோமல்லவா? அறிவியல் மையத்தில் அந்த ஆணிமேல் உங்களையே உட்காரச் சொல்லுகிறார்கள். அறுபது கிலோ எடை ஆயிரம் ஆணிமேல் பரவினால் ஓர் ஆணிக்கு அறுபது கிராம். அது தோலைக் கிழிக்காது. ஒரே ஓர் ஆணிமேல் உட்காரச் சொன்னால் அந்தச் சாமியாரும் எழுந்து ஓடிவிடுவார். தவபலம் என்று நினைத்தது கூட்டல் கழித்தல் கணக்காக முடிந்துவிடுகிறது.

கோளரங்கத்துக்குப் போனால் கிரகணம் எப்படி உண்டாகிறதென்று கண்முன்னே பார்க்கலாம். 2019 டிசம்பர் 26-ந் தேதி சூரிய கிரகணம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கோயமுத்தூர், திண்டுக்கல், திருச்சி பக்கங்களில் வளையமாகவே தெரிந்தது. அறிவியல் மையங்களிலும் பள்ளிகளிலும் பாதுகாப்பான கண்ணாடி வழியாக ஜனங்கள் பார்த்தார்கள். அதே நேரத்தில் எத்தனை வீட்டில் கர்ப்பிணிப் பெண்களைக் கதவைச் சாத்தி உள்ளே அடைத்துச் சோறு தண்ணீரில்லாமல் வைத்திருந்தார்கள்? ராகு விழுங்குகிறான் என்றால், அவன் விழுங்கப்போகும் மணியையும் நிமிஷத்தையும் இத்தனை வருஷங்களுக்கு முன்னே எப்படிச் சொல்ல முடிகிறது? ராகு கடிகாரம் பார்த்துச் சாப்பிடுகிறவனா? விளக்கு ஒன்று, பந்து இரண்டு வைத்துக்கொண்டு ஒரு பெண்ணுக்கு ஒரு தரம் காட்டிவிட்டால், அவள் வயிற்றிலிருக்கிற குழந்தைக்கு வரும் கெடுதல் நிழலால் அல்ல, பட்டினியால்தான் என்று அவளுக்கே விளங்கிவிடும்.

நிற்க, இதெல்லாம் வேடிக்கைதானே, உயிர் போகிற காரியமா என்று யாராவது கேட்கலாம். உயிர் போகிற காரியத்தையே சொல்லுகிறேன்.

நாம் மேற்கு மலையடிவாரத்தில் இருக்கிறவர்கள். தோட்டத்திலும் வயலிலும் வேலை செய்கிறவர்களுக்குப் பாம்புக்கடி ஓர் எப்போதுமுள்ள ஆபத்து. கடித்தவுடன் நம் ஜனங்கள் செய்வதென்ன? வேப்பிலை அடிக்கிறவனைத் தேடுகிறார்கள். அவன் மந்திரிக்கிறான், சிலர் பிழைக்கிறார்கள், மந்திரம் பலித்தது என்று பேர் வாங்கிவிடுகிறான். பிழைத்ததற்குக் காரணமென்ன? பாம்புகளில் பெரும்பாலானவைக்கு ஆளைக் கொல்லும் விஷமில்லை. விஷமுள்ள பாம்பும் சில சமயம் விஷத்தை இறக்காமல் கடிக்கிறது. மந்திரக்காரன் பேர் வாங்கியது இந்தக் கடிகளில். நல்லபாம்போ, கட்டுவிரியனோ, கண்ணாடி விரியனோ, சுருட்டை விரியனோ விஷத்தை ஏற்றிக் கடித்துவிட்டால், மந்திரத்தில் போகிற ஒவ்வொரு நிமிஷமும் உயிரில் போகிற நிமிஷம்.

இதை மேடையில் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறோம். கேட்டுக் கை தட்டுகிறவர்களே கடிபட்டால் மந்திரக்காரனிடம் போகிறார்கள். ஏன்? காதால் கேட்டது மட்டும் பயத்தில் நிற்பதில்லை. ஆனால் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் தோழர்களுடைய பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று 1978 முதல் இருந்துவருகிறது. காட்டில் எலியும் பாம்பும் பிடித்துத் திரிந்தவர்கள் என்று யாரும் மதியாத அந்த மக்கள், பார்க்க வருகிறவர்கள் எதிரிலே நல்லபாம்பைப் பிடித்து, அதன் பல்லைச் சாடியின் விளிம்பில் பதித்து, விஷத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். அந்த விஷத்தைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்துத்தான் ஆஸ்பத்திரியில் போடுகிற விஷமுறிவு மருந்து செய்யப்படுகிறது. பாம்பு பால் குடிக்காது, மாணிக்கம் கக்காது, பழி வாங்காது என்பதை அங்கே கண்ணால் கண்டவன், தன் பிள்ளையைக் கடித்தால் எங்கே ஓடுவான்? ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவான். அந்த இருளர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இருவருக்கு 2023-ல் பத்மஸ்ரீ பட்டம் கொடுக்கப்பட்டது. யாரைத் தொடாதே என்று நாடு ஒதுக்கி வைத்ததோ, அவர்கள் தொட்டு எடுத்த விஷம்தான் ஒதுக்கி வைத்தவர்களையும் பிழைக்க வைக்கிறது.

சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். பாம்பு கடித்தால் கத்தியால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள அரசு ஆஸ்பத்திரிக்குத் தாமதமில்லாமல் கொண்டுபோங்கள்.

தோழர்களே! இவ்வளவு நல்ல காரியம் நடக்கிறதே, பின் நமக்கென்ன குறை என்றால், குறை இருக்கிறது. காட்சிச்சாலைகளிலேயே பல இடங்களில் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிவதில்லை. "பழுது" என்ற சீட்டு மாதக்கணக்கில் தொங்குகிறது. பள்ளிப் பிள்ளைகளை நூறு நூறு பேராகக் கொண்டுவந்து, "வரிசையாய் நட, கையைக் கட்டு, தொடாதே" என்று அதட்டி, ஒரு மணி நேரத்தில் வெளியே தள்ளிவிடுகிறார்கள். இது பழையபடி தரிசனமேயல்லாமல் வேறென்ன?

பள்ளிக்கூடங்களின் சங்கதி இதைவிட வேடிக்கை. நுண்ணோக்கி அலமாரியில் பூட்டியிருக்கிறது. வருஷம் முழுதும் அதன் வழியாக ஒரு பிள்ளையும் ஒரு துளிக் குளத்துத் தண்ணீரைப் பார்த்திராது. ஆனால் ஆயுதபூஜை வந்தால் அலமாரி திறக்கப்படுகிறது. நுண்ணோக்கிக்குச் சந்தனம், குங்குமம், பூமாலை, பொரிகடலை எல்லாம் நடக்கிறது. மறுநாள் மறுபடியும் பூட்டிவிடுகிறார்கள். கிருமி இருக்கிறதென்று காட்டுகிற கருவியையே கும்பிட்டு ஒதுக்குகிற புத்திசாலித்தனம் வேறெந்த தேசத்தில் உண்டு? கருவி வந்துவிட்டது, புத்தி வரவில்லை. புத்தியைக் கப்பலில் இறக்குமதி செய்ய முடியாதல்லவா?

ஆகவே நாம் செய்யவேண்டியது என்ன? "சர்க்கார் வந்து செய்யட்டும்" என்று இருந்துவிட்டால், தேர் நகரட்டும் என்று வடத்தைப் பிடிக்காமல் நிற்கிறவன் கதைதான். ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரை இழுக்க எத்தனை ஆயிரம் பேர் கூடுகிறோம்! இத்தனை பேர் இழுக்கும் பிரம்மாண்டத்தை ஓர் ஆள் சக்கரத்தினடியில் முட்டுக்கட்டையைப் போட்டு நிறுத்துகிறான். பின்னாலிருந்து நெம்புகோல் போட்டு நாலு பேர் கிளப்புகிறார்கள். அங்கே வேலை செய்வது ஆண்டாளா, ஆப்பும் நெம்புகோலுமா? தேரோட்டத்தன்று பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லுகிற தகப்பன், "அந்தக் கட்டையைப் பாரடா" என்று ஒரு வார்த்தை சொன்னால், அன்று தேரே ஒரு காட்சிச்சாலையாகிவிடும்.

நம் ஊரிலே காட்சிக்குச் சாமான்களுக்குக் குறைவில்லை. இது தறி ஓடின ஊர். தையல் மிஷின் ஓடுகிற ஊர். இங்கே வீட்டுக்கு வீடு நைட்டி தைக்கிற தாய்மார்களைக் கேட்கிறேன்: ஊசி துணியின் மறுபக்கம் முழுதும் போய்த் திரும்பாமலே தையல் எப்படி விழுகிறது? கையால் தைக்கும்போது ஊசி முழுதும் மறுபக்கம் போய் வரவேண்டுமே! மிஷின் ஊசிக்குக் காது நுனியில் இருக்கிறது. அது கீழே இறக்கிய நூல் வளையத்தைக் கொக்கி பிடித்து பாபின் நூலைச் சுற்றிக்கொண்டுவருகிறது. இரண்டு நூலும் துணிக்குள்ளே பூட்டிக்கொள்ளுகின்றன. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தரம் உங்கள் கைக்குக் கீழே நடக்கிற இந்த அதிசயத்தை உங்கள் பிள்ளைக்கு ஒரு தரம் மெதுவாகச் சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டியதுண்டா?

தறிக்காரத் தோழர்கள் ஜக்கார்டு பெட்டியை அறிவார்கள். ஓட்டை போட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகச் சுற்றிவர, எந்த இழை எழும்பவேண்டும் எது படுக்கவேண்டும் என்று அட்டையே சொல்லுகிறது. பிரான்சு தேசத்து நெசவுத் தொழிலாளியான ஜக்கார்டு 1804-ல் அமைத்தது அது. ஓட்டை இருந்தால் ஒரு கட்டளை, இல்லாவிட்டால் வேறு கட்டளை. இதே ஓட்டை அட்டையை வைத்துத்தான் 1890-ல் அமெரிக்காவில் ஜனத்தொகைக் கணக்கை யந்திரத்தால் எடுத்தார்கள். அந்த வழியில்தான் கம்ப்யூட்டர் வந்தது. உங்கள் பாட்டன் காலால் மிதித்த தறிக்கும், உங்கள் பேரன் சட்டைப் பையில் வைத்திருக்கும் செல்போனுக்கும் உறவு இருக்கிறது. ஆனால் இந்த உறவை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அறிவு என்பது எங்கோ தூரத்தில் பெரியவர்களிடத்தில் இருக்கிறது, கைவேலை செய்கிறவனுக்கு அது கிடையாது என்றே சொல்லிவைத்திருக்கிறார்கள். கையால் வேலை செய்கிறவனை மட்டம் என்றும், கையை நனைக்காதவனை மேல் என்றும் வைத்த தேசத்தில், கையால் தொட்டு அறியும் விஞ்ஞானம் எப்படி வளரும்?

ஆகையால் நான் கேட்டுக்கொள்ளுவது அதிகமில்லை. நமது படிப்பகத்தில் ஒரு மேஜை போடுங்கள். அதன்மேல் பூதக்கண்ணாடி ஒன்று, கப்பி இரண்டு, காந்தம் ஒன்று, பழுதான தையல் மிஷின் ஒன்றைத் திறந்தபடி, விளக்கும் பந்துகளும், நாலு விஷப் பாம்புகளின் படமும் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் திறந்தால் போதும். விளக்கிச் சொல்ல ஊரில் பிளஸ் டூ படித்த பெண்பிள்ளைகளையே நிறுத்துங்கள். பெண் நின்று சொல்ல, ஆண்பிள்ளைகள் கேட்டுக்கொள்ளுவதும் ஒரு பாடம்தான். மேஜைக்கு மேலே "தயவுசெய்து தொடவும்" என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் அடித்து விரட்டாமல் அதில் எழுதிவைத்து, தெரிந்த ஆசிரியரிடம் கேட்டு அடுத்த வாரம் பதில் சொல்லுங்கள். "தெரியாது, தெரிந்துகொண்டு சொல்லுகிறேன்" என்கிற வார்த்தையை எந்தப் புரோகிதன் வாயிலும் கேட்டிருக்கமாட்டீர்கள். அதை நம் பிள்ளைகள் கேட்டுப் பழகட்டும்.

அடுத்தபடியாக, நம் பள்ளிப் பிள்ளைகளை ஒரு வகுப்புக்கு மேற்படாமல் திருநெல்வேலி மையத்துக்கு அழைத்துப் போய், நாள் முழுதும் இருக்கவிட்டுக் கூட்டிவர ஏற்பாடு செய்யுங்கள். காட்சிப் பஸ்ஸைத் தளவாய்புரத்துக்கும், செட்டியார்பட்டிக்கும், முகவூருக்கும், சேத்தூருக்கும் அனுப்பும்படி எழுதிக் கேளுங்கள். இது பிச்சை கேட்பதல்ல. விஞ்ஞான மனப்பான்மையையும், மனிதத் தன்மையையும், ஆராய்ந்து சீர்திருத்தும் உணர்ச்சியையும் வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனுக்கும் கடமை என்று 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்திலேயே 51-ஏ பிரிவில் எழுதிவைத்திருக்கிறார்கள். கடமை என்று எழுதிவிட்டு அதற்கு வழி செய்யாதிருப்பவர்களை வழி செய்யும்படி கேட்பது நம் உரிமை.

கடைசியாக ஒன்று. நான் சொன்னேன் என்பதற்காக இவைகளில் எதையும் நீங்கள் நம்பவேண்டியதில்லை. நம்பிக் கும்பிட்டுப் போவதற்கு நமக்குப் புதிதாக இன்னொரு இடம் தேவையில்லை. இருப்பவையே ஊருக்கு மேல் இருக்கின்றன. கப்பி கால்வாசிப் பலத்தில் தூக்குகிறதா என்று கயிற்றைப் பிடித்துப் பாருங்கள். ஊசியின் நூல் எப்படிப் பூட்டுகிறது என்று இன்றிரவே வீட்டுக்குப் போய் மிஷின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். நான் சொன்னது தப்பாயிருந்தால் அடுத்த கூட்டத்தில் இதே மேடையில் ஏறிச் சொல்லுங்கள். சரியாயிருந்தால் உங்கள் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து இன்னொரு தரம் சுற்றிக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.